பழுதறியும் கலை

நுழையும்முன்

வங்கியிலோ தொடர்வண்டி நிலையப் பயணச்சீட்டு முகப்பிலோ நியாயவிலைக் கடையிலோ வரிசையில் நிற்கும்போது, 'சர்வர் வேலை செய்யவில்லை. சற்றுப் பொறுங்கள்' என்னும் சொற்களைக் கேளாதவர் அரியர். அவ்வேளையில் எங்கோ ஓரிடத்தில் ஒருவர் பழுதின் காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார். அவர் எதை முதலில் பார்ப்பார்? எந்த ஒழுங்கில் தேடுவார்? காரணம் அறியும் முன்னரே கைவைத்தால் என்ன நேரும்? அமெரிக்கப் பங்குச்சந்தையில் 45 நிமிடங்களில் நடந்து முடிந்த ஒரு நிகழ்வின் வழியாக இவ்வினாக்களுக்கு விடை காண்கிறது இப்பாடம்.

சேவையகம்

பிற கணினிகள் கேட்கும் தகவலையும் சேவையையும் அளிப்பதற்கென்றே இரவுபகல் பாராது இயங்கும் கணினி, சேவையகம் எனப்படும். பேச்சு வழக்கில் இதனைச் 'சர்வர்' என்பர். ஒரு நிறுவனத்தின் விற்பனை, கொள்முதல், சரக்கு இருப்பு, ஊதியம், வரி ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பதிவு செய்யும் வணிக மென்பொருள் இச்சேவையகத்தில் நிறுவப்பட்டிருக்கும். கிளைகள்தோறும் பணியாற்றுவோர் தத்தம் கணினி வழியாக அதே மென்பொருளையும் அதே தரவுத்தளத்தையும் பயன்படுத்துவர். ஒரு கிளையில் ஒரு பொருள் விற்கப்பட்டவுடன் தலைமை அலுவலகத்தின் இருப்புக் கணக்கில் அதன் எண்ணிக்கை குறைவது இதனால்தான். இந்த வசதியில் ஓர் இடரும் உண்டு. தனியொருவரின் கணினி பழுதானால் அவருடைய வேலை மட்டுமே தடைப்படும். சேவையகம் பழுதானால் அதனை நம்பியுள்ள அனைவரின் வேலையும் ஒருசேர நின்றுவிடும்.

சேவையகத்தின் செயற்பாடு அடுக்கடுக்காக அமைந்தது. அடித்தளத்தில் மின்வழங்கி, வன்தட்டு, நினைவகம் முதலிய வன்பொருள்கள் உள்ளன. அவற்றின்மேல் இயங்குதளமும் கணினிகளை இணைக்கும் வலையமைப்பும் தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளமும் அமைகின்றன. உச்சியில் வணிக மென்பொருள் இயங்குகிறது. பயனாளரின் கண்ணுக்குப் புலப்படுவது உச்சியடுக்கு மட்டுமே. எனவே, எந்த அடுக்கில் பழுது தோன்றினாலும் அவர் அதனை மென்பொருளின் பழுதாகவே காண்பார்.

'விற்பனைச் சீட்டைச் சேமிக்க இயலவில்லை' என்று ஓர் ஊழியர் முறையிடுவதாகக் கொள்வோம். மென்பொருளில் பிழை இருக்கலாம். வலையமைப்பு அறுந்திருக்கலாம். தரவுத்தளத்தைத் திறக்கும் கடவுச்சொல் காலாவதியாகியிருக்கலாம். வன்தட்டில் எழுத இடமின்றி நிரம்பியிருக்கலாம். ஓர் அறிகுறிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் உண்மையான காரணம் எது எனக் கண்டறிவதே பழுதறியும் கலையின் முதற்பணி.

பழுதறியும் நெறி

தேர்ந்த பணியாளர் முதலில் கருவியைத் தொடமாட்டார், கேள்வி கேட்பார். பழுது எப்போது தொடங்கியது? அனைவருக்குமா, ஒரு கிளைக்கு மட்டுமா? எல்லாப் பணிகளிலுமா, ஒரு பணியில் மட்டுமா? ஒரு கிளை மட்டும் தடைப்பட்டால் அக்கிளையின் இணைப்பை ஐயுறலாம். எல்லாக் கிளைகளும் தடைப்பட்டால் சேவையகத்தையே ஐயுறலாம். இவ்வாறு ஒரு கேள்வியிலேயே தேட வேண்டிய பரப்பு பெருமளவு சுருங்கிவிடுகிறது.

அடுத்த கேள்வி, 'அண்மையில் மாறியது எது?' என்பது. நேற்றுவரை ஒழுங்காக இயங்கியது இன்று இயங்கவில்லை எனில் இடையில் ஏதோ மாறியிருக்க வேண்டும். புதிய மென்பொருள் நிறுவப்பட்டிருக்கலாம். பயனாளர் எண்ணிக்கை கூடியிருக்கலாம். மாத இறுதிக் கணக்கு தொடங்கியிருக்கலாம்.

மூன்றாவது, செயற்பதிவுகளைப் படித்தல். சேவையகம் தான் செய்யும் ஒவ்வொரு செயலையும் நாள், நேரம் ஆகியவற்றுடன் குறித்துவைக்கிறது. இக்குறிப்பே செயற்பதிவு. பழுது நேர்ந்த நொடிக்குச் சற்று முன்னர் எழுதப்பட்ட வரிகளில் பெரும்பாலும் காரணத்தின் தடயம் இருக்கும். முதற்பிழையே பின்வரும் பிழைகள் பலவற்றைத் தோற்றுவிப்பதால், இறுதியில் காணப்படும் பிழைச்செய்தியைவிட முதலில் தோன்றிய பிழைச்செய்தியே மதிப்புமிக்கது.

நான்காவது, ஒப்பிட்டுப் பிரித்தல். ஒழுங்காக இயங்கும் ஒன்றையும் பழுதான ஒன்றையும் அருகருகே வைத்து வேறுபாட்டைக் காண வேண்டும். ஐந்தாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தையே செய்தல். நான்கு மாற்றங்களை ஒருசேரச் செய்து பழுது நீங்கினால் எதனால் நீங்கியது என்பது தெரியாது. பழுது பெருகினால் எதனால் பெருகியது என்பதும் தெரியாது. எம்மாற்றத்திற்கும் முன்னர்க் காப்பு நகல் எடுத்துவைத்தல் இன்றியமையாதது.

பழுது பரவி இழப்பை உண்டாக்கிக்கொண்டிருக்குமாயின் இவையனைத்திற்கும் முன்னதாக ஒரு கடமை உண்டு. குழாய் உடைந்த வீட்டில் உடைப்பைத் தேடுமுன் நீர்வரத்தை அடைப்பதுபோல, முதலில் சேதத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். காரணத்தை அதன்பின் தேடலாம்.

இந்நெறிகள் எளியவையாகத் தோன்றும். நெருக்கடி வேளையில் அவற்றைப் பின்பற்றுவது எளிதன்று என்பதை நைட் கேப்பிடல் நிறுவனத்தின் வரலாறு காட்டுகிறது.

எட்டுச் சேவையகங்கள்

நைட் கேப்பிடல், அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் செர்சி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்கிய பங்கு வணிக நிறுவனம். 1995ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 2012இல் அமெரிக்கப் பங்குச்சந்தையின் மிகப்பெரிய வணிகர்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. தரகு நிறுவனங்கள் அனுப்பும் 'இத்தனை பங்குகளை வாங்குக' அல்லது 'விற்க' என்னும் ஆணைகளைப் பெற்று, அவற்றைச் சிறுசிறு ஆணைகளாகப் பிரித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் சந்தைக்கு அனுப்பும் மென்பொருளை இந்நிறுவனம் இயக்கிவந்தது. அம்மென்பொருள் எட்டுச் சேவையகங்களில் நிறுவப்பட்டிருந்தது.

2012 ஆகஸ்ட் 1ஆம் நாள் நியூயார்க் பங்குச்சந்தை, சிறு முதலீட்டாளர்களுக்கான புதிய திட்டம் ஒன்றைத் தொடங்குவதாக இருந்தது. அதில் பங்குபெறும் பொருட்டு நைட் நிறுவனம் தன் மென்பொருளில் புதிய நிரலைச் சேர்த்தது. சூலை 27 முதல் அந்நிரல் சேவையகங்களில் படிப்படியாக நிறுவப்பட்டது. ஏழு சேவையகங்களில் பணி செவ்வனே முடிந்தது. எட்டாவது சேவையகத்தில் புதிய நிரலைப் படியெடுக்கப் பணியாளர் ஒருவர் தவறிவிட்டார். அவர் பணியை மற்றொருவர் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டும் என்னும் எழுத்து வடிவ விதியும் அங்கில்லை.

உறங்கிக் கிடந்த நிரல்

எட்டாவது சேவையகம் வெறுமனே இயங்காமல் இருந்திருந்தால் பெருங்கேடு நேர்ந்திராது. அதில் 'பவர் பெக்' என்னும் பழைய நிரல் ஒன்று எஞ்சியிருந்தது. 2003ஆம் ஆண்டுடன் அதன் பயன்பாடு கைவிடப்பட்டது. எனினும் அது நீக்கப்படாமல் உள்ளேயே விடப்பட்டது. ஓர் ஆணைக்குரிய பங்குகள் முழுவதும் வாங்கப்பட்டனவா என எண்ணிப்பார்த்து, 'போதும், நிறுத்துக' எனச் சொல்லும் பகுதி அந்நிரலோடு இணைந்திருந்தது. 2005இல் மென்பொருளைத் திருத்தியபோது அவ்வெண்ணும் பகுதி வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. அதன்பின் பழைய நிரல் சரியாக இயங்குமா என எவரும் சோதிக்கவில்லை. பயன்படாத நிரலைச் சோதிக்கத் தேவையில்லை என்று கருதப்பட்டிருக்கலாம்.

2012இல் புதிய நிரலை எழுதியோர், அதனை இயக்குவதற்கு ஓர் அடையாளக்குறியைத் தேர்ந்தெடுத்தனர். முன்னர்ப் பவர் பெக் நிரலை இயக்கிய அதே குறியே அது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பள்ளியில் மணி மூன்று முறை ஒலித்தால் மாணவர்கள் திடலைச் சுற்றி ஓட வேண்டும். ஆசிரியர் நிறுத்தச் சொல்லும்போது நிற்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அவ்வழக்கம் கைவிடப்பட்டது, நிறுத்தச் சொல்லும் ஆசிரியரும் வேறு பணிக்கு மாற்றப்பட்டார். ஆண்டுகள் கழித்து, 'மூன்று மணி ஒலித்தால் நூலகம் செல்க' எனப் புதிய சுற்றறிக்கை வருகிறது. அது ஏழு வகுப்புகளை மட்டும் அடைகிறது. மணி ஒலித்ததும் ஏழு வகுப்பினர் நூலகம் செல்வர். எட்டாம் வகுப்பறையினர் திடலுக்கு ஓடுவர். அவர்களை நிறுத்துவார் எவருமில்லை.

ஆகஸ்ட் 1 காலை 9.30 மணிக்குச் சந்தை திறந்தது. புதிய குறியைத் தாங்கிய ஆணைகள் வரத் தொடங்கின. ஏழு சேவையகங்கள் அவற்றை முறைப்படி கையாண்டன. எட்டாவது சேவையகத்தில் பவர் பெக் விழித்துக்கொண்டது. தனக்கு வந்த ஆணை நிறைவேறியதா என்று அறியும் வழியின்றி, அது மேலும் மேலும் வாங்கவும் விற்கவும் ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது.

படிக்கப்படாத மின்னஞ்சல்கள்

சேவையகம் முன்னறிவிப்பின்றி இந்நிலைக்கு வந்துவிடவில்லை. அன்று காலை 8.01 மணியளவிலேயே நிறுவனத்தின் உள்ளமைப்பு, ஊழியர் குழு ஒன்றுக்குத் தானியங்கி மின்னஞ்சல்களை அனுப்பத் தொடங்கியது. சந்தை திறக்குமுன் அனுப்பப்பட்டவை 97. பிழை நேர்ந்த மென்பொருளின் பெயரும், பவர் பெக் முடக்கப்பட்டுள்ளது என்னும் குறிப்பும் அவற்றில் இருந்தன. ஆனால், அம்மின்னஞ்சல்கள் எச்சரிக்கை என்னும் வகையில் வடிவமைக்கப்பட்டவை அல்ல. அவற்றை உடனுக்குடன் படிக்கும் வழக்கமும் ஊழியர்க்கு இல்லை. கையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்நேரம் பயன்படாமற் கழிந்தது.

எச்சரிக்கைகள் மிகும்போது மனிதர் அவற்றைப் பொருட்படுத்தாமல் விடுவது இயல்பு. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் வரும் செய்திகளுள் இன்றியமையாத ஒன்று மறைந்துபோகும். ஆதலால் செயற்பதிவு இருந்தால் மட்டும் போதாது. எச்செய்தி உடனே பார்க்கப்பட வேண்டும், அதனை எவர் பார்க்க வேண்டும் என்பனவும் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மருந்தே நோயானது

சந்தை திறந்த சில நிமிடங்களிலேயே பிழை நேர்ந்துள்ளது என்பது தெரிந்துவிட்டது. காரணம் மட்டும் தெரியவில்லை. ஒவ்வொரு நொடியும் இழப்பு பெருகிக்கொண்டிருந்தது. 'அண்மையில் மாறியது எது?' என்னும் கேள்விக்கு விடை தெளிவாகவே இருந்தது: புதிய நிரல். ஆகவே, புதிய நிரலே பழுதுக்குக் காரணம் எனக் கருதி, அது சரியாக நிறுவப்பட்டிருந்த ஏழு சேவையகங்களிலிருந்தும் அதனை நீக்கினர்.

முன்னர்க் கண்ட பள்ளி எடுத்துக்காட்டில் இச்செயலைப் பொருத்திப் பார்க்கலாம். ஏழு வகுப்புகளிலிருந்தும் புதிய சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது; மணி மட்டும் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தது. இப்போது எட்டு வகுப்பினரும் திடலுக்கு ஓடினர். புதிய நிரல் நீங்கிய ஏழு சேவையகங்களிலும் பழைய பவர் பெக் வெளிப்பட்டது. ஒன்றில் இருந்த பழுது எட்டுக்கும் பரவியது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவ்வூழியர்கள் நெறி அறியாதவர்கள் அல்லர். அண்மை மாற்றத்தை ஐயுறுதலும் அதனைத் திரும்பப் பெறுதலும் பழுது நீக்கும் துறையில் ஏற்கப்பட்ட வழிகளே. பழைய நிரலுக்குத் திரும்பினால் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்னும் கருத்தே அதன் அடிப்படை. அன்று சேவையகத்திற்குள் நேற்றைய நிரல் திரும்பியது. வெளியிலிருந்து வந்த ஆணைகளோ இன்றைய குறியைத் தாங்கியிருந்தன. மாறியவை இரண்டு, அவர்கள் மீட்டது ஒன்று. எட்டுச் சேவையகங்களும் அனுப்பிய ஆணைகளைத் தனித்தனியே ஒப்பிட்டிருந்தால் ஒன்று மட்டும் வேறுபடுவது புலப்பட்டிருக்கும். அல்லது, காரணம் தெரியும்வரை ஆணை அனுப்புவதையே நிறுத்தியிருந்தால் இழப்பு அவ்வளவில் நின்றிருக்கும். நோய் இன்னது எனத் தெளிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்று 'மருந்து' அதிகாரத்தில் திருவள்ளுவர் கூறும் வரிசைமுறை, இந்நிகழ்வில் தலைகீழாயிற்று.

ஆணைகள் நிறுத்தப்பட்டபோது ஏறத்தாழ 45 நிமிடங்கள் கடந்திருந்தன. தவறான நிரல் கையாண்ட மூல ஆணைகள் 212 மட்டுமே. அவற்றிலிருந்து 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 இலட்சம் பரிவர்த்தனைகள் நிகழ்ந்தன, 39.7 கோடிக்கும் மேற்பட்ட பங்குகள் கைமாறின. விரும்பாமலே வாங்கிக் குவித்தவற்றையும் கையில் இல்லாமலே விற்றவற்றையும் சரிசெய்து முடித்தபோது ஏற்பட்ட இழப்பு 46 கோடி டாலருக்கும் மிகுதி.

பழியும் படிப்பினையும்

சில நாள்களுக்குள் முதலீட்டாளர் குழு ஒன்று 40 கோடி டாலர் அளித்து நிறுவனத்தைத் தாங்கிப்பிடித்தது. 2013இல் நைட் நிறுவனம் கெட்கோ என்னும் மற்றொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. 17 ஆண்டுகளில் வளர்ந்த நிறுவனம், ஒரு காலைப்பொழுதின் பிழையால் தனித்தியங்கும் வலிமையை இழந்தது.

எட்டாவது சேவையகத்தை மறந்த ஒருவரே இவ்வளவுக்கும் காரணம் எனக் கூறிவிடுவது எளிது. நிகழ்வை ஆராய்ந்த அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் அவ்வாறு கூறவில்லை. 2013 அக்டோபரில் வெளியிட்ட ஆணையில், நிறுவனத்தின் நடைமுறைகளிலேயே அது குறைகண்டது. பணியைச் சரிபார்க்க இரண்டாமவர் இல்லை. பயனற்ற நிரல் நீக்கப்படவில்லை. திருத்தத்திற்குப்பின் சோதனை இல்லை. வரம்புமீறிய ஆணைகளைத் தடுக்கும் கட்டுப்பாடு போதுமானதாக இல்லை. நெருக்கடியில் எவர் என்ன செய்ய வேண்டும் என்னும் வழிகாட்டுதலும் போதிய அளவில் இல்லை. நிறுவனம் 1 கோடியே 20 இலட்சம் டாலர் தண்டம் செலுத்த உடன்பட்டது.

மறதி மனித இயல்பு. எவரும் ஒருநாள் எட்டில் ஒன்றை மறக்கக்கூடும். ஒருவரின் மறதி பெருங்கேடாக வளராமல் இடையிலேயே தடுக்கும் ஏற்பாடுதான் நல்ல நிருவாகம். பழுது நேர்ந்தபின் 'யார் செய்தார்?' என்று மட்டும் கேட்கும் நிறுவனத்தில் ஊழியர்கள் பிழையை மறைக்கக் கற்பர். 'எவ்வாறு நேர்ந்தது? மீண்டும் நேராதிருக்க என்ன செய்யலாம்?' என்று கேட்கும் நிறுவனத்தில் பிழையை முன்வந்து கூறுவர். உண்மையான காரணம் இரண்டாம் வகை நிறுவனத்திலேயே விரைவில் வெளிப்படும்.

எழுதிவைத்தல்

பழுதறியும் பணி, சேவையகம் மீண்டும் இயங்கத் தொடங்கியதும் முடிந்துவிடுவதில்லை. வன்தட்டு நிரம்பியதால் நின்ற சேவையகத்தில் சில கோப்புகளை அழித்துவிட்டால் அது உடனே இயங்கும். அது ஏன் நிரம்பியது என்பதைக் காணாவிடில் அடுத்த மாதமும் நிற்கும். அறிகுறி நீங்குவது வேறு; காரணம் நீங்குவது வேறு.

காரணத்தைக் கண்டபின் அதனை எழுதிவைத்தல் இறுதிக் கடமை. என்ன நேர்ந்தது, எவ்வாறு கண்டறியப்பட்டது, என்ன செய்யப்பட்டது, எது பயன்தரவில்லை என்பனவற்றை நேரக்குறிப்புடன் பதிவுசெய்ய வேண்டும். பயன்தராத முயற்சிகளையும் எழுதுவது சிறப்பு. ஆண்டுகள் கழித்து, அதே இருக்கையில் அமரும் முகமறியா ஒருவருக்கு நள்ளிரவில் வழிகாட்டுபவை அக்குறிப்புகளே. 2003இல் கைவிடப்பட்ட நிரலைப் பற்றிய தெளிவான குறிப்பு ஒன்று 2012இல் பணியாற்றியோர் கையில் இருந்திருந்தால் அந்தக் காலைப்பொழுது வேறுவிதமாக அமைந்திருக்கக்கூடும்.

கணினித் துறையில் சேர்வோர்க்கு மட்டும் உரிய பாடம் அன்று இது. மின்மோட்டாரைப் பழுதுபார்ப்பவரும் பயிர் வாடுவதைக் காணும் உழவரும் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரும் இதே வழியில்தான் நடக்கின்றனர். கேட்டறிந்து, ஒப்பிட்டு, காரணம் தெளிந்து, பின்னர்ச் செயற்படுவோரின் கைகளில் கருவிகளும் அவற்றை நம்பியிருக்கும் மனிதர்களும் பாதுகாப்பாக இருப்பர்.

தெரிந்து தெளிவோம்

மென்பொருளில் தோன்றும் பிழையை ஆங்கிலத்தில் 'பக்' என்பர். பூச்சி என்பது அச்சொல்லின் பொருள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணிப்பொறி பழுதுற்றது. அதன் உறுப்பொன்றில் விட்டிற்பூச்சி சிக்கியிருக்கக் கண்ட பணியாளர்கள், அதனைப் பணிப்பதிவேட்டில் ஒட்டிக் குறிப்பும் எழுதினர். அப்பதிவேடு அமெரிக்காவின் சுமித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. கருவியின் பழுதைப் 'பக்' எனக் குறிக்கும் வழக்கம் அதற்கு முன்னரே, அறிவியலறிஞர் எடிசன் காலத்திலேயே இருந்தது.

கலைச்சொல் அறிவோம்

சேவையகம் – சர்வர்
தரவுத்தளம் – டேட்டாபேஸ்
இயங்குதளம் – ஆப்பரேட்டிங் சிஸ்டம்
செயற்பதிவு – லாக்
காப்பு நகல் – பேக்கப்
வன்தட்டு – ஹார்டு டிஸ்க்

கற்பவை கற்றபின்

1. வீட்டிலோ பள்ளியிலோ பழுதான கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அப்பழுதுக்குரிய காரணங்களாக இருக்கக்கூடியவற்றைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றையும் எவ்வாறு சோதித்து நீக்கலாம் என வகுப்பில் விளக்குக.

2. உங்கள் ஊரில் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரைச் சந்தித்து, அவர் முதலில் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து எழுதுக.

3. 'பிழை செய்தவரைத் தண்டிப்பதால் பிழைகள் குறையுமா?' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: செயற்பதிவு என்பது யாது? பழுது பரவும் வேளையில் முதற்கடமை எது?

சிறுவினா: 'மாறியவை இரண்டு; அவர்கள் மீட்டது ஒன்று' – இக்கூற்றை விளக்குக.

நெடுவினா: நைட் கேப்பிடல் நிகழ்வில் பழுதறியும் நெறிகள் எவ்வெவ்விடங்களில் தவறின என்பதைச் சான்றுகளுடன் கட்டுரைக்க.